எழுபத்திரண்டு லிட்டர்

எழுபத்திரண்டு லிட்டர் மண் கணக்கில் இடித்தது. அது எங்கிருந்து வந்தது என்று புரியாமல் முதலாளியம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் கொழுந்தன் மண்வெட்டிக் காம்பை ஓங்கி மடிக்கணினித் திரையில் இறக்கினான்.

சில்லு தெறித்து, எதிரே உட்கார்ந்திருந்த விற்பனையாளரின் புருவத்தைக் கிழித்தது.

“மண்ணு வெட்ட நமக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தரணுமா அண்ணி? முதல்ல காட்டுனாரே, பூப்படம் போடுற சாஃப்ட்வேர், அதையே வாங்குங்க. அழகா இருந்துச்சுல்ல!”

தோட்டம் அமைத்துத் தரும் அந்த நிறுவனத்துக்கு ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. விற்பனையாளர் மூன்றைக் கொண்டுவந்திருந்தார். முதலாவது படம் மட்டும் வரையும். மற்ற இரண்டும் மண்ணையும் அளக்கும். எங்கே எவ்வளவு வெட்டினார்கள், எங்கே எவ்வளவு கொட்டினார்கள் என்று லிட்டர் சுத்தமாகச் சொல்லிவிடும்.

சோதித்துப் பார்க்க, அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த மாதிரித் தோட்டத்தின் அளவுகளையே அவள் கொடுத்தாள். ஆறு வாரத்துக்கு முன்பு அவள் கணவன் லேசர் மட்டக் கருவியால் எடுத்த அளவு ஒன்று, நேற்று அவளே எடுத்தது ஒன்று. இடையில் அங்கே நடந்த ஒரே மாற்றம், கொழுந்தன் நட்ட ஒரு நிழல் மரம். இரண்டு மென்பொருளும் அதே எழுபத்திரண்டைத்தான் காட்டின.

அந்த முதல் அளவை எடுத்த மறுநாளே கணவன் வீட்டை விட்டுப் போயிருந்தான். ‘வேற ஒருத்தியோட போறேன், தேடாதே’ என்று போனில் ஒரு செய்தி, அவ்வளவுதான். அவன் நாற்காலியில் இப்போது தம்பி உட்கார்ந்துகொண்டான்.

மூலையில் உர மூட்டை நிறுக்கும் எடை மேடை கிடந்தது. தினமும் காலையில் அதில் ஏறி நின்று, சுவரில் சாக்பீஸால் தன் எடையை எழுதிவைப்பது கணவனின் வழக்கம். அதை அழிக்க அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.

“சாஃப்ட்வேர் தப்பில்ல சார்,” என்றார் விற்பனையாளர், புருவத்தைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டே. விளக்கம் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. “மரத்தோட வேரும் அதச் சுத்தி ஒட்டியிருந்த மண்ணுமா, வேர்க்கட்டி நூத்தி இருபது லிட்டர். அது குழிக்குள்ள போனா, அதே நூத்தி இருபது லிட்டர் மண்ணுதான் வெளிய மிஞ்சணும். ஆனா பக்கத்து ரோஜாப் பாத்தி நாலு விரக்கடை ஒசந்திருக்கு. அங்க நூத்தித் தொண்ணூத்திரண்டு லிட்டர் கிடக்கு.”

“வெட்டுன மண்ணு பொங்கும்யா! அதுகூடத் தெரியாம வித்துட்டுத் திரியுறியா?”

“பொங்கும் சார். ஆறு வாரம் தண்ணி ஊத்துனா அமுங்கிடும். அமுங்காம மிச்சம் பொங்கி நிக்குறதையும் கழிச்சாச்சு.”

கொழுந்தன் மேசையைத் தாண்டி வந்து, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

“அண்ணன் எங்கள விட்டுட்டு ஓடுன அன்னைக்கு, மனசு ஆறாம நான் ஒத்த ஆளா வெட்டுன குழிடா அது! அதுக்கு உன் பொட்டி குத்தம் சொல்லுமா?”

“விடுங்க தம்பி!” முதலாளியம்மா குறுக்கே பாய்ந்தாள். அவன் புறங்கையால் அறைந்தான். எடை மேடைமேல் போய் விழுந்தாள், உதடு கிழிந்தது.

“புருஷன வீட்டுல வச்சுக்கத் தெரியாதவ கம்பெனி நடத்த வந்துட்டா! பூப்படத்துக்குக் கையெழுத்துப் போடு. இல்ல, சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு.”

சத்தம் கேட்டு, பின்பக்கம் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் இரண்டு பேர் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தார்கள்.

“மிஞ்சின மண்ண ஏன் தம்பி ரோஜாப் பாத்தியில போட்டீங்க?” தரையில் கிடந்தபடியே கேட்டாள்.

“பின்ன? கருகருன்னு மேல்மண்ணு. அதக் கொண்டுபோய் ரோட்டுலயா கொட்டுவாங்க?”

உண்மைதான். தொழில் தெரிந்த எந்தத் தோட்டக்காரனுக்கும் அதற்குக் கை வராது.

விற்பனையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் விரல்விட்டு எண்ணினார். வலியைவிட, விடை கிடைக்காததுதான் அவரை வதைத்தது.

“அப்போ மரத்தோட சேந்து குழிக்குள்ள வேற ஏதோ போயிருக்கு மேடம். எழுபத்திரண்டு லிட்டர் எடத்த அடைக்குற ஏதோ ஒண்ணு. கல்லுன்னா நூத்தி எண்பது கிலோவுக்கு மேல வரும், ஒத்த ஆளால அசைக்க முடியாது. காஞ்ச கட்டைன்னா அம்பது கிலோ. தண்ணிச்சத்து நெறைஞ்ச சாமான்னா லிட்டருக்கு ஒரு கிலோ…”

“வாய மூடுடா!” காம்பு மறுபடியும் உயர்ந்தது.

அவள் தலைக்கு மேலே சுவரில் சாக்பீஸ் எழுத்துகள். கடைசித் தேதிக்கு எதிரே இருந்த எண்ணை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். சுவரைப் பிடித்து எழுந்து, உதட்டு ரத்தத்தை முழங்கையில் துடைத்தாள். வாசலில் நின்ற ஆட்களைப் பார்த்தாள்; அவர்கள் கையிலிருந்த மண்வெட்டிகளைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“உங்க அண்ணன் எழுபத்திரண்டு கிலோ, தம்பி.”