யார் ஜாடை

ஆறு வருஷம் போனில் மட்டுமே பார்த்த மகளை, மஸ்கட்டிலிருந்து திரும்பிய இருதயராஜ் நேரில் பார்த்தான். நீண்ட முகம், முன்தள்ளிய பற்கள், மூடாத வாய். இரண்டு குடும்பத்திலும் அப்படி யாருமில்லை. தெருவில் போகிற ஆண்களின் முகங்களைக் கவனிக்க ஆரம்பித்தான்.

“இவ யார் ஜாடை?” என்று ஒருநாள் கேட்டேவிட்டான். மனைவி பிளெஸ்ஸி மறுநாள் இருவரையும் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் பிள்ளையின் மூக்கருகே கண்ணாடியைப் பிடித்தார். ஆவி படியவில்லை.

“மூக்குக்குப் பின்னால சதை அடைச்சிருக்கு. வருஷக்கணக்கா வாயாலயே மூச்சு விட்டு முகம் நீண்டுபோச்சு, பல்லும் தள்ளிருச்சு.”

இருதயராஜுக்கு உடம்பே லேசானது. “சரியாயிருமா டாக்டர்?”

டாக்டருக்கு முந்திக்கொண்டு பிளெஸ்ஸி சொன்னாள்: “பிள்ளைக்குச் சரியாயிரும்.”