நெற்றியில் நட்சத்திரம்

“அழாதேம்மா. பூனைதானே, பசிச்சா தானா வந்துடும்” என்று மருந்துக்கடை அக்கா அவள் முதுகைத் தடவினார். கடைக் கண்ணாடியில் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

போஸ்டரில் ஒரு சாம்பல் பூனையின் முகம், நிஜ அளவில். நெற்றி நடுவே வெள்ளையாக ஒரு நட்சத்திரம். கீழே, ‘காணவில்லை. இவள் போனதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை’ என்று எழுதி வீட்டு முகவரி. படித்தால் கதை சொல்லும் நானே தேடக் கிளம்பிவிடுவேன். இத்தனைக்கும் பூனை என்றாலே எனக்குத் தும்மல்.

உண்மையில் அவள் அழவில்லை. இரண்டு நாளாகத் திரையையே முறைத்ததில் கண் எரிச்சல். வீட்டில் எல்லோரும் மூன்று வேளையும் நன்றாகவே சாப்பிட்டார்கள். பூனை என்று ஒன்று அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

எல்லாம் படிப்புக்காக. டிஜிட்டல் டிசைன், இரண்டாம் ஆண்டு. போன முறை அவள் செய்த ‘தண்ணீரைச் சேமிப்போம்’ போஸ்டரில் ஒருவர் ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் போனார்.

“அழகா இருக்கு. ஆனா அதைப் பார்த்து ஒரு ஆள் ஒரு அடி நகரல” என்றார் ஆசிரியை. “அடுத்த போஸ்டரைப் பார்த்துட்டு முன்பின் தெரியாத ஒருத்தர் உன் வீட்டுக் கதவைத் தட்டணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அவர் கையெழுத்தோட வா. இல்லைன்னா அடுத்த வருஷமும் இதே வகுப்பு, இதே நாற்காலி, இதே நான்.”

கடைசி மிரட்டல்தான் வேலை செய்தது. யாராவது நிஜப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்றுதான் அந்த நட்சத்திரம். உலகத்தில் எந்தப் பூனைக்கும் அப்படி இருக்காது. வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். நாற்பத்தோராவது முறை ஐந்தாவது முனை இடதுபக்கம் வளைந்தபோது டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்தது. பிரிண்ட் கடை மூடும் நேரம். வளைந்தபடியே போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பன்னிரண்டாவது போஸ்டர் தையல்கடைக் கதவுக்கு. உள்ளே ஒரு வாடிக்கையாளர் புதுச் சட்டையை உதறிக் காட்டி, “தைக்கச் சொன்னா கம்பளிச் சட்டையாக்கி வச்சிருக்கீங்களே, எத்தனை முடி பாருங்க” என்று கத்திக்கொண்டிருந்தார். தையல்காரர் போஸ்டரையே பார்த்தார்.

“இதை வீட்ல நல்லா பாத்துப்பீங்களாம்மா?”

“உள்ளங்கையில வச்சுத் தாங்குவோம்ணே” என்றாள். பொய் என்று வந்துவிட்ட பிறகு அதில் கஞ்சத்தனம் எதற்கு?

வெள்ளிக்கிழமை மூன்று மணிவரை கதவை யாரும் தட்டவில்லை. போஸ்டர்கள் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சுற்றுப் போனாள். எல்லாம் இருந்தன. தையல்கடைக் கதவில் மட்டும் பூனையின் நெற்றியில் ஓட்டை. நட்சத்திரத்தை மட்டும் யாரோ ஓரம் பிசகாமல் கத்தரித்துப் போயிருந்தார்கள். எந்த வாலுப் பையனின் வேலையோ என்று நொந்துகொண்டு திரும்பினாள்.

“நிஜமாவே யாராவது பூனையோட வந்துட்டா என்னடி பண்ணுவே?” என்றாள் அம்மா.

“இல்லாத பூனை எப்படிம்மா வரும்?”

“எதுக்கும் ஒரு கிண்ணத்துல பால் ஊத்தி வைக்கிறேன். ஃபெயிலானா நீயே குடி.”

நாலரைக்குக் கதவு தட்டப்பட்டது. தையல்காரர் நின்றிருந்தார். கையில் துணிப்பை. பைக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. சாம்பல் நிறம். நெற்றியில் வெள்ளை நட்சத்திரம்.

“இது உங்க பூனைதானேம்மா?” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். ஐந்து முனை. ஐந்தாவது இடதுபக்கம் வளைந்திருந்தது. டேப்லெட்டில் இன்னும் என்னென்ன வரைந்து வைத்திருக்கிறோம் என்று ஒரு கணம் யோசித்தாள். போன மாதம் ஒரு முதலை வரைந்திருந்தாள்.

பூனை பையிலிருந்து குதித்து, சொந்த வீடு மாதிரி நடந்துபோய்ப் பாலைக் குடிக்க ஆரம்பித்தது. அம்மா வாயைத் திறந்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கையெழுத்துப் படிவம் மேசைமேல் இருந்தது. ‘ஆமாண்ணே, எங்க பூனைதான்’ என்று சொன்னால் போதும், பாஸ். ஆனால் அந்த மனுஷன் வியர்க்க வியர்க்க வந்து நின்றதைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

“அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. திட்டுறதுன்னாலும் திட்டிக்குங்க. கையெழுத்துகூட வேணாம். எங்க வீட்ல பூனையே கிடையாது. பரீட்சைக்காக நானே கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. அந்த நட்சத்திரம்கூட என் கைப்பிசகுதான். இது எப்படி உயிரோட வந்துச்சுன்னு எனக்குச் சத்தியமா தெரியல.”

தையல்காரர் நீளமாக ஒரு மூச்சு விட்டு, வெள்ளைச் சாக்குக்கட்டி அப்பிய விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“அப்பாடா! உன்னோடதும் வரைஞ்சதுதானா?”