பேர் தைத்த மிதவை

அடையாறு கடலைத் தொடுகிற இடத்தில், உடைந்த பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள் பாருங்கள் கண்ணுகளா, அவள்தான் இசக்கியம்மாள். ஆறு நாளும் தி.நகரில் ரவிக்கை தைக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கூடு போட வருகிறாள், வெறும் ஆசைக்குத்தான். ஏற்கெனவே இரண்டு கூடு திருட்டுப் போய்விட்டது. கையிலிருப்பது கடைசி. காலை வெயில் அதன் கம்பிவலையில் மினுங்குகிறது. உள்ளே ஒரு மீன்தலை, தண்ணீர் இழுத்துப் போகாமலிருக்க அரைச் செங்கல். மிதவைக்கு மஞ்சள் எண்ணெய்க் கேன். அதன் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டுகிறாள். குச்சியில் அரக்குப் பட்டுத் துண்டு. அதில் சாண் உயரத்துக்கு ஜரிகையில் அவள் பெயர்.

"கூட்டுக்குக் கல்யாணமா யக்கா?" என்கிறான் படகோரம் வலை பிரிக்கும் தேசப்பன். "கேனைத் தண்ணிக்குள்ள அமுக்கி வுடு. கண்ல பட்டாதானே தூக்கினு போவான்."

"ஒளிச்சு வைக்கது களவாணி பொழப்புல்லா. நான் எதுக்கு ஒளிக்கணும்?"

கூட்டை வீசுகிறாள். கயிறு ஓடி முடிய, மிதவை நிமிர்கிறது. கரையில் தூண்டில் போட்டுக் குந்தியிருக்கும் நாலு பேரைப் பார்த்து, "என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்கிறாள். ஒருவன் சிரிக்கிறான். ஒருவன் தன் தூண்டிலையே பார்க்கிறான்.

"சத்தமா."

"இசக்கியம்மாள்" என்று நாலு பேரும் படிக்கிறார்கள்.

"கூட்டைத் தூக்குதவன் என் பேரையும் தூக்கிக்கிட்டுத்தான் இந்தக் கரை ஏறணும்."

கரையேறிச் சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு, மிதவைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறக்கிறாள்.