அடிக்காத வரி

பேராசிரியர் சிவப்பு மைப்பேனாவின் மூடியைக் கழற்றுகிறார். ஜன்னல் வெயில் பதிவேட்டின் மேல் சதுரமாக விழுந்திருக்கிறது. அதற்குள், வந்து விழுந்த ஒரு துகளைப் பற்றிய அந்த ஒரே வரி. ஈர்ப்பு ஒளியைவிடச் சற்று மெதுவாகப் பரவுகிறது என்பது அவர் இருபது வருடமாகக் கட்டிய கோட்பாடு. அது சரியென்றால், விண்வெளியிலிருந்து இத்தனை வேகத்தில் வரும் துகள் வழியிலேயே சக்தியை இழந்து சோர்ந்திருக்க வேண்டும். இதுவோ முழுப் பலத்தோடு வந்து காற்றில் மழையாகச் சிதறி, துகள்களைக் கண்டறியும் பதினோரு இருட்டுத் தண்ணீர்த் தொட்டிகளிலும் ஒளிப்பொறியாகப் பதிவாகியிருக்கிறது. "மூடி திறந்திருக்கும்மா, வெளிச்சம் பூந்திருக்கும். இந்த வரிய அடிச்சிடலாம்," என்கிறார். தொட்டிகளைப் பராமரிக்கிறவளின் விரல்களில் துருக்கறை. "பதினோரு தொட்டியும் ஒரே நொடியில வாயைத் திறந்துச்சா சார்? மூடிக்குப் பதினாறு போல்ட்டு. எண்ணி முடுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்." "பத்தாவது தாண்டாதவ எனக்குப் பாடம் எடுக்கறியா?" "பதினாறு வரைக்கும் எண்ணத் தெரியும் சார்." பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நிற்கிறது. பேனா இறங்குகிறது. அவள் உள்ளங்கையை விரித்து வரியை மூடுகிறாள். "அடிங்க சார். கை மேலயே அடிங்க." பேனா அவள் கைக்கு மேல் அந்தரத்தில் தங்குகிறது. ஒரு சொட்டுச் சிவப்பு அவள் நகத்தில் விழுந்து, வெயிலில் மினுங்கிக் காய்கிறது. அவள் கை நகரவில்லை.