அண்ணனைப் பாடியவன்

சொந்தமாகப் பாட்டுக்கட்டி, கிதாரோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்த எட்வினுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு பாட்டு. அண்ணன் பெலிக்ஸ் திக்கித் திக்கிப் பேசுவதை அதில் அப்படியே பாடியிருந்தான். அன்றைக்கு அண்ணனே கச்சேரிக்கு வந்திருந்தான். பல்லவி வந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து, "வ… வ… வர்றேன்டி" என்று சிரித்தபடி திக்கியது. எட்வினுக்குக் காதுமடல் சுட்டது. விரல்கள் அவைபாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தன.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்த அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "ந… ந…" என்று தொடங்கினான்.

"நல்லா இருந்துச்சாண்ணே?" என்று எட்வின் அவசரமாக முடித்துக்கொடுத்தான்.

பெலிக்ஸ் இல்லையென்று தலையாட்டினான். பிடியைத் தளர்த்தாமல் மறுபடி, "ந…" என்றான்.

எட்வின் வாயை மூடிக்கொண்டான். அந்தச் சொல் வந்து சேரும்வரை நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.