பூனை ஓட்டிய ரயில்

"முடியாதுன்னா முடியாது. அது எங்கம்மாவோட போர்வை. உங்கம்மாவுக்கு எதுக்கு?"

நூலகம் என்றும் பாராமல் கைப்பேசியில் கத்தினார் வெர்லின் ஹாஸ். வயது எழுபத்தாறு. நெப்ராஸ்காவில் அந்தச் சின்ன ஊரில் அவர் குரல் தெரியாதவர் இல்லை.

எதிர்முனையில் ரோண்டா. அப்பாவின் இரண்டாம் தாரத்து மகள்.

"அம்மாவுக்கு உடம்பெல்லாம் நடுங்குது, வெர்லின். இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எத்தனை கம்பளி போர்த்தினாலும் அந்த ரயில் போர்வையத்தான் கேக்கறாங்க. 'வெர்லினுக்கு ஆட்சேபம் இல்லேன்னா'ன்னு வேற சொல்றாங்க."

"ஆட்சேபம் இருக்கு."

"வெறும் போர்வைப்பா."

"வெறும் போர்வையா? எங்கம்மா எனக்குன்னு வச்சுட்டுப் போனது அது ஒண்ணுதான். தைச்சதை யார் பார்த்தான்னு நேத்துக் கேட்டியே? இரு, ஆதாரத்தோட வர்றேன்."

வைத்துவிட்டார்.

நூலகர் ஜோலீன் வந்தாள். "மிஸ்டர் ஹாஸ், மெதுவா. அந்த ரூம்ல குழந்தைங்க கதை கேட்டுக்கிட்டிருக்கு."

"இதையும் கேக்கட்டும். உன் கம்ப்யூட்டர்ல நம்ம ஊர்ப் பழைய பேப்பர் எல்லாம் இருக்காமே?"

"முதல் இதழ்லேர்ந்து இருக்கு. பேரை அடிச்சா வந்துடும்."

இரண்டு விரலால் அடித்தார். ஓப்பல் ஹாஸ்.

ஒன்றே ஒன்றுதான் வந்தது. 1953 ஜனவரி. இறப்புச் செய்தி. நாலு வரி.

"உயிரோட இருந்த வரைக்கும் ஒண்ணுமே பண்ணலையா எங்கம்மா? உருப்படாத மெஷினு."

"மெஷின் மேல தப்பில்ல. அந்தக் காலத்துப் பேப்பர்ல பொண்டாட்டிக்குப் பேரே கிடையாது. புருஷன் பேர்தான். செத்தாத்தான் சொந்தப் பேரே கிடைக்கும். 'திருமதி எல்மர் ஹாஸ்'னு அடிங்க."

"எங்கம்மாவை எங்கப்பன் பேர்ல தேடணுமா? நல்ல நியாயம்."

அடித்தார். கொட்டியது.

திருமதி எல்மர் ஹாஸ் சளி பிடித்துத் தேறினார். திருமதி எல்மர் ஹாஸ் ஞாயிறன்று கோழி விருந்துக்குப் போனார். திருமதி எல்மர் ஹாஸின் வாத்து தபால்காரரைத் துரத்தியது.

வெர்லின் சிரித்துவிட்டார். அவர் சிரித்து ஜோலீன் பார்த்ததில்லை.

"போர்வைன்னும் சேத்து அடிங்க" என்றாள்.

ஒரு செய்தி மட்டும் நின்றது. அவர் கண்ணாடியை வண்டியிலேயே விட்டு வந்திருந்தார். அந்தச் செய்தி மட்டும் திரை முழுக்கத் தெரிகிற மாதிரி ஜோலீன் பெரிதாக்கினாள். அவர் உரக்கப் படித்தார்.

"'சிறுவன் வெர்லினின் பிறந்தநாளுக்காக, திருமதி எல்மர் ஹாஸ் மாலை வேளைகளில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் போர்வை தைத்து வருகிறார். நீல நிற ரயில். எஞ்சின் ஜன்னலில் ஒரு பூனை. பையனிடம் யாரும் மூச்சு விட வேண்டாம் என்று ஊராரைக் கேட்டுக்கொள்கிறார்.'"

"பேப்பர்ல போட்டுட்டு மூச்சு விடக் கூடாதாம்!" ஜோலீன் சிரித்தாள்.

வெர்லின் சிரிக்கவில்லை. திரையில் இருந்த பூனை என்ற சொல்லை விரலால் தொட்டார்.

"அதேதான். என் கட்டில் மேல கிடக்கு, பூனையோட. என் ஏழாவது பிறந்தநாளைக்கு ரோண்டாவோட அம்மா, அந்த ஆர்டித்துதான் எடுத்துக் கொடுத்தா. 'உங்கம்மா உனக்காகத் தைச்சுப் பெட்டியில வச்சிருந்தா'ன்னு சொன்னா. அதோட சரி. இந்த எழுபது வருஷத்துல தன் கையால எனக்குன்னு ஒரு கைக்குட்டை தைச்சிருப்பாளா? இப்ப குளிருதாம், இது வேணுமாம். பிரிண்ட் எடு. தேதியோட எடு. இல்லேன்னா ரோண்டா அதுக்கும் ஏதாவது சொல்லுவா."

தேதி பக்கத்தின் உச்சியில் இருக்கும். ஜோலீன் படத்தைச் சுருக்கினாள். முழுப் பக்கமும் வந்தது. அவள் கை அப்படியே நின்றது.

"என்ன, காகிதம் தீந்துபோச்சா?"

"உங்கம்மா தவறினது..."

"இப்பத்தானே பார்த்தே? ஐம்பத்து மூணு, ஜனவரி."

ஜோலீன் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

1955, பிப்ரவரி.

"தப்பாப் போட்டிருக்கான்" என்றார் வெர்லின்.

ஜோலீன் பெரிதாக்கிக் காட்ட, பக்கத்துப் பத்தியைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். எல்லாம் அந்த வருஷத்துச் செய்திதான். அந்த வருஷம் ஊரில் திருமதி எல்மர் ஹாஸ் என்று ஒருத்திதான் இருந்தாள். வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். இப்போது கம்பளிக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்கிறவள்.

அடுத்த அறையில் கதை முடிந்து குழந்தைகள் கை தட்டின.

வெர்லின் கைப்பேசியை எடுத்தார்.

"ரோண்டா. இன்னும் குளிருதா?... சரி. வீட்டுக்குப் போய் எடுத்துட்டு நேரா வர்றேன்... ஒண்ணுமில்ல. குரல் நல்லாத்தான் இருக்கு. வை."

கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஜோலீன் அச்செடுத்த தாளை நீட்டினாள். "ஆதாரம் கேட்டீங்களே?"

வாங்கினார். நாலாய் மடித்தார். திரும்ப அவள் கையிலேயே வைத்தார்.

"நீயே வச்சுக்க. பையனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எங்கம்மாகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது."