பாலுண்ணி

குரங்குகள் மரத்திலிருந்து செத்து விழத் தொடங்கியதும் காட்டோரக் குடியிருப்பின் ஒரே வழியையும் சுகாதாரத் துறையினர் மறித்துவிட்டார்கள். உண்ணி கடித்துக் காய்ச்சல் கண்டவர்களை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஏறியவர்களில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. தருமனின் முதுகில், அவன் கைக்கு எட்டாத இடத்தில், மிளகளவுக்கு ஒன்று தடித்திருந்தது. “உண்ணியா இருக்கப்போகுது, நல்லாப் பாருடி.” “பாலுண்ணிதான். முடியச் சுத்திக் கட்டினா தானா விழுந்துடும்,” என்றாள் அவன் மனைவி பூங்கோதை. “உன் தலையிலருந்து பிடுங்கிடாத. இருக்கிறதே நாலு முடி.” அவள் பிடுங்கவில்லை. தலையில் இருந்தபடியே ஒரு நீள முடியை இழுத்து, குனிந்து, பாலுண்ணியின் அடியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு இறுகியதும் பாலுண்ணி கால்களை உதைத்தது. உண்ணியை இழுத்தால் நசுங்கும், நசுங்கினால் விஷம் உள்ளே இறங்கும் என்று வீடு வீடாக வரும் நர்ஸ் சொல்லியிருந்தாள். தருமனின் முதுகு அனலடிப்பதை அப்போதுதான் பூங்கோதையின் கன்னம் உணர்ந்தது. “என்னடி, விழுந்துடுச்சா?” அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் நர்ஸின் குரல் கேட்டது. “அக்கா, வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல், பூச்சிக்கடி?” “இங்க ஒண்ணும் இல்ல சிஸ்டர். என் பொண்டாட்டி கடிதான்!” என்று தருமன் சிரித்தான். “சரி, ரெண்டு பேரும் வெளிய வந்து முகத்தக் காட்டிட்டுப் போங்க.” அவன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். இருவருக்கும் நடுவே முடி இழுபட்டு விறைத்தது. அவன் வாசலை நோக்கி நடக்க, உண்ணி இழுபட்டு நசுங்கிவிடாதபடி பூங்கோதை அவன் முதுகையே பார்த்துக்கொண்டு, குனிந்தபடி பின்னாலேயே நடந்தாள்.